பழவேற்காட்டில் இருந்து சிங்கப்பூர் வரை: பன்மொழி வெப்சைட் சரியான நாட்டில், சரியான மொழியில் கூகுளில் தெரிய என்ன செய்யணும்? முழு விளக்கம்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கும் ஊர் சுண்ணாம்புக்குளம். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதியில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். கடைக்கு வருபவர் வாயைத் திறந்ததும் எந்த மொழியில் பதில் சொல்லணும்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சிடும்.

ஆனால் அதே கடைக்காரர் ஒரு வெப்சைட் ஆரம்பித்தால்? அங்கேதான் சிக்கல். நெல்லூரில் தெலுங்கில் தேடுபவருக்குத் தமிழ்ப் பக்கம் வந்து நிற்கும். சிங்கப்பூரில் தேடுபவருக்கு ரூபாய் விலையும் 'இந்தியாவுக்குள் மட்டும் டெலிவரி' என்ற வரியும் வரும். இரண்டு பேரும் மூடிவிட்டு அடுத்த லிங்க்குக்குப் போய்விடுவார்கள். அந்த அடுத்த லிங்க் பெரும்பாலும் பொருளை வாங்கி விற்கும் இடைத்தரகருடையது. பொருளைச் செய்தவர் கைக்கு வர வேண்டிய காசு அங்கே போய்விடுகிறது.

இதைச் சரிசெய்ய பெரிய செலவு தேவையில்லை. ஆனால் சில அடிப்படை விஷயங்கள் தெரிந்திருக்கணும். அது என்னன்னு பார்ப்போம்.

முதலில் ஒரு உதாரணம்

ஏரிக்கரையில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, பனை ஓலைக் கூடைகளை ஆன்லைனில் விற்பதாக வைத்துக்கொள்வோம். பழவேற்காட்டில் பெண்கள் பின்னும் பனை ஓலைப் பொருட்கள் பல காலமாகப் பெயர் பெற்றவை. இந்தக் குழுவுக்கு நான்கு வகை வாடிக்கையாளர்கள்:

• சென்னையில் இருந்து தமிழில் தேடுபவர்
• சூளூர்பேட்டை, நெல்லூர் பக்கம் தெலுங்கில் தேடுபவர்
• சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடுபவர்
• நெதர்லாந்தில் இருந்து தேடுபவர்

நெதர்லாந்தா? ஆமாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடமும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறையும் இருக்கின்றன. அந்த வரலாற்றைத் தேடும் டச்சுக்காரர் பழவேற்காடு பற்றிய எந்தப் பக்கத்துக்கும் வாசகர்தான், நாளைக்கு வாடிக்கையாளராகவும் ஆகலாம்.

இந்த நான்கு பேருக்கும் ஒரே பக்கம் போதுமா? போதாது. அப்போ எத்தனை பக்கம் வேணும்? அதைத் தெரிந்துகொள்ள முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும்.

மொழி வேற, நாடு வேற

பலரும் செய்யும் முதல் தப்பு, மொழியையும் நாட்டையும் ஒண்ணுன்னு நினைப்பது. தமிழ் இந்தியாவில் மட்டும் இல்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது ஆட்சி மொழிகளில் ஒன்று. அதேபோல இந்தியா என்று சொன்னால் அது ஒரு மொழி இல்லை.

அதனால் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்க:

• படிப்பவருக்கு மொழி மாறுகிறதா? அப்படியானால் தனி மொழிப் பக்கம் வேணும்.
• மொழி ஒன்றுதான், ஆனால் விலை, டெலிவரி, போன் நம்பர் நாட்டுக்கு நாடு மாறுகிறதா? அப்படியானால்தான் தனி நாட்டுப் பக்கம் வேணும்.

கூடை உதாரணத்தில் சென்னைக்கும் நெல்லூருக்கும் விலை ஒன்றுதான், மொழி மட்டும் மாறுகிறது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆங்கிலம் ஒன்றுதான், ஆனால் ரூபாய் டாலராக மாறுகிறது, தபால் செலவு மாறுகிறது. ஆக, தமிழ்ப் பக்கம் ஒன்று, தெலுங்குப் பக்கம் ஒன்று, இந்தியாவுக்கான ஆங்கிலப் பக்கம் ஒன்று, சிங்கப்பூருக்கான ஆங்கிலப் பக்கம் ஒன்று. ஆரம்பத்துக்கு இது போதும்.

டச்சு மொழிப் பக்கம்? ஆர்டர் கொடுத்தவர் டச்சில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் ஆரம்பிங்க. இல்லையென்றால் ஆங்கிலப் பக்கமே போதும். பதில் சொல்ல ஆள் இல்லாத மொழியில் கடை திறக்க வேண்டாம்.

கூகுள் எதை வைத்து முடிவு செய்கிறது?

ஒரு காலத்தில் கூகுள் டாட் கோ டாட் இன் என்று போனால் இந்திய ரிசல்ட், சிங்கப்பூர் முகவரிக்குப் போனால் சிங்கப்பூர் ரிசல்ட் வரும். 2017 அக்டோபரில் இது மாறியது. எந்த முகவரியில் தேடினாலும், தேடுபவர் எங்கே இருக்கிறாரோ அதற்கு ஏற்ற ரிசல்ட்தான் வரும் என்று கூகுள் சொன்னது. 2025 ஏப்ரலில், நாட்டு முகவரிகள் எல்லாம் கூகுள் டாட் காமுக்கே திருப்பிவிடப்படும் என்று அறிவித்தது.

அதாவது, தேடுபவரின் இடமும் அவர் தேடும் மொழியும்தான் முக்கியம். உங்கள் பக்கம் யாருக்கானது என்பதை கூகுள் இவற்றை வைத்துப் புரிந்துகொள்கிறது:

• பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து எந்த மொழியில் இருக்கிறது
• வெப்சைட் முகவரி எந்த நாட்டுடையது
• 'இந்தப் பக்கம் இன்னாருக்கு' என்று நீங்கள் கோடிங்கில் தரும் குறிப்பு
• முகவரி, போன் நம்பர், விலை போடும் நாணயம், உள்ளூர் வெப்சைட்கள் தரும் லிங்க்குகள்

முதல் வரியைக் கவனிங்க. மொழியைக் கண்டுபிடிக்க கூகுள் கோடிங்கைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் எழுத்தைத்தான் பார்க்கிறது. மெனு, பட்டன் எல்லாம் தெலுங்கில் இருந்து, கூடை பற்றிய விவரம் மட்டும் தமிழிலேயே விடப்பட்டிருந்தால் அது தெலுங்குப் பக்கமே இல்லை.

முகவரி: மூணு வழி, எது நமக்கு?

1. நாட்டுக்கு ஒரு முகவரி: இந்தியாவுக்கு டாட் இன், சிங்கப்பூருக்கு டாட் எஸ்ஜி, இலங்கைக்கு டாட் எல்கே. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன. 'இது இந்த நாட்டுக்கான தளம்' என்பதற்கு இதைவிட வலுவான அடையாளம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் பணம் கட்டணும், ஒவ்வொன்றையும் தனித் தளமாக வளர்க்கணும்.

2. சப்-டொமைன்: முக்கிய முகவரிக்கு முன்னால் மொழிக் குறியீடு சேர்ப்பது.

3. சப்-ஃபோல்டர்: ஒரே டாட் காம் முகவரி, அதற்குப் பின்னால் சாய்வுக்கோடு போட்டு தமிழுக்கு ஒரு பிரிவு, தெலுங்குக்கு ஒரு பிரிவு.

சின்ன வியாபாரத்துக்கு மூணாவது வழிதான் சரி. ஒரே தளம், ஒரே கட்டணம், பராமரிப்பது சுலபம்.

ஏற்கனவே டாட் இன் முகவரி வாங்கிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். அது இந்தியாவுக்கு நல்லதுதான். ஆனால் முக்கியமான வியாபாரம் வெளிநாட்டில் என்றால் டாட் காம் வசதியாக இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினால் எழுத்து மட்டும் தமிழில் இருந்து தெலுங்குக்கு மாறும்படி சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கட்டாயம் இருக்கணும்.

ஹெச்ரெஃப்லாங்: ஏரியில் 'பாடு' மாதிரி

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் போய் வலை போட மாட்டார்.

உங்கள் வெப்சைட்டின் பக்கங்களுக்குள் இதே வேலையைச் செய்வதுதான் 'ஹெச்ரெஃப்லாங்' என்ற குறிப்பு. 2011-ல் கூகுள் இதைக் கொண்டு வந்தது. 'தமிழில் தேடுபவருக்கு இந்தப் பக்கம், தெலுங்கில் தேடுபவருக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் தேடுபவருக்கு இது' என்று சொல்லும் சின்ன கோடு. பக்கத்தின் தலைப்பகுதியிலோ சைட்மேப் ஃபைலிலோ போடலாம்.

இதற்கு மூணு விதி:

• ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்து மற்ற எல்லாப் பக்கங்களையும் பட்டியல் போடணும்.
• பேச்சு இரண்டு பக்கமும் ஒத்துப்போகணும். தமிழ்ப் பக்கம் தெலுங்குப் பக்கத்தைக் காட்டினால், தெலுங்குப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிக் காட்டணும். ஒருதலையாக இருந்தால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது.
• எந்த வகையிலும் சேராதவருக்கு, உதாரணமா நெதர்லாந்தில் இருந்து வருபவருக்கு, பொதுவான ஒரு பக்கத்தைக் காட்டணும். அதற்கு 'எக்ஸ்-டிஃபால்ட்' என்று பெயர்.

ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுக்கணும். ஹெச்ரெஃப்லாங் உங்களை முதல் இடத்துக்குத் தூக்கிவிடாது. உங்கள் தளம் ரிசல்ட்டில் வரும்போது, தப்பான பக்கத்துக்குப் பதிலா சரியான பக்கத்தைக் காட்டும். அவ்ளோதான். ஆனால் வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போகாமல் இருக்க அதுதானே வேணும்?

பிங் தேடுபொறி இந்தக் குறிப்பைவிட, பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'கன்டென்ட்-லாங்குவேஜ்' என்ற டேக்குக்கு அதிக மதிப்பு தருகிறது. அதையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது.

'டிஎன்' என்று போட்டால் துனிசியா!

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. மொழிக்கும் நாட்டுக்கும் இரண்டு எழுத்துக் குறியீடுகள் சர்வதேச அளவில் ஏற்கனவே முடிவு செய்யப்பட்டவை. நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியாது. முதலில் மொழி, அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் நாடு. நாட்டை மட்டும் தனியாகப் போட்டால் செல்லாது.

• தமிழ் மொழிக்கு: டி, ஏ. வண்டி நம்பர் பிளேட் ஞாபகத்தில் 'டி, என்' என்று போட்டால் மொழி இடத்தில் அது ஆப்பிரிக்காவின் ஸ்வானா மொழி, நாட்டு இடத்தில் துனிசியா.
• தெலுங்குக்கு: டி, இ. 'டி, எல்' என்று போட்டால் அது பிலிப்பைன்ஸின் தகலாக் மொழி.
• இலங்கைக்கு: எல், கே. 'எஸ், எல்' என்பது சியரா லியோன்.
• மலேசியாவுக்கு: எம், ஒய். 'எம், ஏ' என்பது மொராக்கோ.
• மலாய் மொழிக்கு: எம், எஸ். 'எம், எல்' என்பது நம்ம மலையாளம்.
• சிங்கப்பூருக்கு: எஸ், ஜி. 'எஸ், ஐ' என்பது நாடாக ஸ்லோவேனியா, மொழியாக சிங்களம்.

வெப்சைட் செய்து தந்தவரிடம் 'தமிழுக்கு என்ன கோடு போட்டிருக்கீங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்க. பதிலிலேயே அவர் வேலை தெரிந்துவிடும்.

தமிழ்நாடு, ஆந்திரா என்று மாநிலத்தைப் பிரிக்க முடியுமா?

முடியாது. ஹெச்ரெஃப்லாங்கில் மொழியும் நாடும்தான் உண்டு, மாநிலம் கிடையாது. எல்லையோர ஊர்களுக்கு இது முக்கியம். ஆனால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆரம்பாக்கத்தில் தெலுங்கில் தேடுபவருக்கும் தடாவில் தமிழில் தேடுபவருக்கும் அவரவர் மொழிப் பக்கம் வந்தால் போதும், மாநிலம் எதற்கு?

கடைக்கு நேரில் வர வைப்பது வேறு கதை. அதற்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இருக்கிறது. இலவசம்தான். கடையின் இடம், நேரம், போன் நம்பரைப் பதிவு செய்து சரிபார்ப்பு முடித்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தேடும்போது மேப்பில் தெரியும்.

ஒரே ஊர், ஊருக்கு ஒரு பெயர்

மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த தப்பு. பழவேற்காட்டையே எடுத்துக்கோங்க.

தமிழில் தேடுபவர் 'பழவேற்காடு' என்று அடிப்பார். ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அது 'புலிகாட்'. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர் 'ழ'வுக்கு என்ன எழுத்து போடுவார் என்று சொல்லவே முடியாது.

மலேசியாவில் இன்னொரு வேடிக்கை. அங்கே 'கைன் பெலிக்காட்' என்றால் கட்டம் போட்ட கைலி. பழவேற்காடு துறைமுகத்தில் இருந்து போன துணிக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, 'பெலிக்காட்' என்று தேடும் மலேசியக்காரர் ஏரியையும் தேடவில்லை, கூடையையும் தேடவில்லை. கைலி தேடுகிறார். அந்த வார்த்தையை நம்பிக் கூடை விற்கப் போனால் ஒரு ஆர்டரும் வராது.

அதனால் ஒவ்வொரு மொழிப் பக்கத்திலும் தலைப்பு, விவரம், படத்துக்கான குறிப்பு எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர் என்ன வார்த்தையில் தேடுவாரோ அதில் எழுதணும். இதற்கு மென்பொருள் தேவையில்லை. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்காவிடம் 'இதை நீங்க எப்படித் தேடுவீங்க?' என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த 5 தப்பு செய்யாதீங்க

1. நோட்டீஸ் படத்தையே பக்கமாகப் போடுவது: வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரப் படத்தில் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதே விவரத்தை எழுத்தாகவும் டைப் செய்து போடுங்க.

2. பழைய ஃபான்ட்டில் டைப் செய்வது: பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கணினிக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். கூகுளுக்குத் தமிழ் புரிய யூனிகோட் வேணும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

3. இடத்தைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடுவது: வருபவர் எந்த நாடு என்று பார்த்து வலுக்கட்டாயமாக வேறு பக்கத்துக்கு அனுப்பாதீங்க. பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் ரோபோ பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்துதான் வருகிறது. அதையும் திருப்பிவிட்டால் உங்கள் தமிழ்ப் பக்கத்தை அது பார்க்கவே பார்க்காது. 'தமிழ் | தெலுங்கு | ஆங்கிலம்' என்று மேலே லிங்க் வைத்தால் போதும்.

4. எல்லாப் பக்கத்துக்கும் ஆங்கிலப் பக்கமே 'ஒரிஜினல்' என்று சொல்வது: 'கேனானிக்கல்' என்ற டேக்கில் இந்தத் தப்பு நடக்கும். அப்படிச் சொல்லிவிட்டால் தமிழ்ப் பக்கம் வெறும் நகல் என்று ஒதுக்கப்படலாம். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே ஒரிஜினல் என்று சொல்லணும்.

5. மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டுவது: 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதிகளைக் கடுமையாக்கியது. படிப்பவருக்குப் பயன் இல்லாமல், ரேங்க்கிங்குக்காக மட்டும் மொத்த மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்கள் அதில் அடங்கும், மெஷினில் மொழிபெயர்த்தவை உட்பட. மெஷினை உதவிக்கு வைத்துக்கலாம். ஆனால் மொழி தெரிந்த ஒருவர் படித்துத் திருத்தணும்.

வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி இருக்கிறது. அதில் எந்த நாட்டில், என்ன வார்த்தை தேடி, எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். சிங்கப்பூரில் இருந்து வருபவர்கள் இந்திய விலைப் பக்கத்துக்கே போகிறார்கள் என்றால் ஹெச்ரெஃப்லாங்கில் எங்கோ கோளாறு.

முன்பு அதில் 'இந்தத் தளம் இந்த நாட்டுக்கு' என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. 2022 செப்டம்பரில் கூகுள் அதை எடுத்துவிட்டது. இன்னமும் அதைச் செய்யச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னொரு சுலபமான வழியும் இருக்கு. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரரிடம் போனில் தேடிப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க. அங்கே என்ன தெரிகிறது என்பது நேரடியா தெரிஞ்சிடும். மாற்றம் செய்த மறுநாளே பலன் தெரியாது. கூகுள் மறுபடி வந்து பக்கங்களைப் படிக்க சில நாளில் இருந்து சில வாரங்கள் வரை ஆகலாம்.

'முதல் பக்கம் உத்தரவாதம்' என்று யாராவது போன் செய்தால்?

வெப்சைட் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இப்படி அழைப்புகள் வர ஆரம்பிக்கும். 'பத்து நாட்டில் முதல் இடம், மாசம் இவ்வளவு' என்பார்கள். கூகுளில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. இது போன்ற வாக்குறுதிக்குப் பணம் கட்டும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிங்க.

வெளிநாட்டு ஆர்டர் எடுப்பதற்கு முன் இன்னொன்றும் பார்த்துக்கோங்க. வியாபார ரீதியாகப் பொருள் ஏற்றுமதி செய்ய, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம் ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண் வாங்கணும். சிங்கப்பூருக்கான பக்கம் கூகுளில் வந்து, ஆர்டரும் வந்த பிறகு பொருளை அனுப்ப முடியாமல் நின்றால் பெயர்தான் கெடும்.

சுருக்கமா சொன்னால்

• மொழி மாறினால் தனிப் பக்கம். விலை, டெலிவரி மாறினால் மட்டும் தனி நாட்டுப் பக்கம்.
• ஒரே டாட் காம், மொழிக்கு ஒரு சப்-ஃபோல்டர்.
• ஹெச்ரெஃப்லாங் இரண்டு பக்கமும் ஒத்துப்போகணும். தமிழுக்கு டி, ஏ.
• யூனிகோட் எழுத்து, உள்ளூர் வார்த்தை, மனிதர் படித்துத் திருத்திய மொழிபெயர்ப்பு.
• மாசம் ஒரு முறை சர்ச் கன்சோலில் நாடுவாரியாகப் பாருங்க.

எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று தமிழ்ப் பக்கத்தைச் சரி செய்யுங்க. அடுத்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாடிக்கையாளருக்காகத் தெலுங்குப் பக்கம். சிங்கப்பூர் அதற்கப்புறம். பக்கத்து ஊர்க்காரருக்கே தெரியாத கடையை வெளிநாட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தானே?